நூற்றி நாலு வந்த நாள்

ஐம்பது வருஷமாக அவள் குறை சொல்லிக்கொண்டிருந்தது ஓர் இன்ஜினை. புருஷனைக் குறை சொல்லியிருக்கலாம், அதற்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் புருஷனைக் குறை சொல்லிக்கொண்டே அவருக்கு ஐம்பது வருஷம் ஆக்கிப் போட முடியாது. இன்ஜினைக் குறை சொன்னால் முடியும். அந்த இன்ஜின் காலை பத்து மணிக்கு டெப்போவுக்கு வந்திருக்க வேண்டியது. மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தது. அதுவரை அவர் கேமராவோடு அங்கே காத்துக்கிடந்தார். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் அவர்களுடைய ஒன்பது மாதப் பெண் குழந்தை செத்துப்போனது. இவ்வளவுதான் நடந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கும் குமாஸ்தாவாக இருந்தவர். வாரத்தில் ஆறு நாள் கடிதம், ஏழாவது நாள் ரயில். அந்தக் காலத்தில் ரயில் பைத்தியங்கள் எல்லாம் நீராவி இன்ஜின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த டீசல் இன்ஜினைப் பார்த்து, இதென்ன தகர டப்பா என்று முகத்தைச் சுளித்தார்கள். இவர் ஒருத்தர்தான் தகர டப்பாவைப் படமெடுத்தார். அது ஓடினால் எடுத்தார், நின்றால் எடுத்தார், டெப்போவில் வயிற்றைத் திறந்து போட்டிருந்தால் அதையும் எடுத்தார். நீராவி எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போன பிறகு பைத்தியங்களுக்குப் புத்தி வந்தது. ரயில் ரசிகர் சங்கத்தில் இவருக்கு ‘டீசல் சார்’ என்று பெயர் வைத்துத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். வீட்டின் பின்னறையில் மூன்று இரும்பு பீரோ நிறையப் படங்கள். ஒவ்வொரு படத்தின் முதுகிலும் பென்சிலால் இன்ஜின் எண், தேதி, மணி, வெயில் எப்படி, லென்ஸை எவ்வளவு திறந்தார் என்பது வரை எழுதியிருப்பார். மணி என்றால் சும்மா ‘காலை’, ‘மாலை’ கிடையாது. நிமிஷக் கணக்கு.

அவ்வளவு படத்திலும் ராஜா, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஒன்று. அந்த டெப்போவுக்கு வந்த முதல் டீசல் இன்ஜின், எண் 104, வந்து சேர்ந்த அன்றே எடுத்தது. மத்தியானம் 2.20. உலகத்தில் வேறு யாரிடமும் அந்த நாளின் படம் கிடையாது. காலண்டரில் வந்திருக்கிறது, சங்கத்தின் கடிதத்தாளில் சின்னதாக அச்சாகியிருக்கிறது.

செத்துப்போன குழந்தைக்குத்தான் ஒரு படமும் கிடையாது. “வீட்டுலயே இருக்கறத எப்ப வேணா எடுத்துக்கலாம். ஓடிப்போறதத்தான் உடனே எடுக்கணும்” என்பார். பிறகு ஒரு மகன் பிறந்தான், வளர்ந்தான், கடல் தாண்டிப் போய் வேலை பார்க்கிறான். அவனுடைய சின்ன வயசுப் படம் நிறைய உண்டு. எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு இன்ஜினின் சக்கரம் எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காகப் பக்கத்தில் நிற்பான்.

அதனால் கூடத்தில் தொங்கிய அந்த நூற்றி நாலைத்தான் அவள் தன் பெண்ணுக்கென்று வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் பரிதாபப்படுவார்கள், இரண்டும் அவளுக்கு ஆகாது. வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் நிற்பாள். குழந்தை போன நேரத்தில் உலகத்தில் வேறு என்ன நடந்தது என்று அவளுக்குக் காட்ட அது ஒன்றுதான் இருந்தது. குழந்தையைக் கொடுத்து வாங்கிய பொருள். வாங்கினது வாங்கினதுதான், பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

டீசல் சாரின் ஆரம்ப காலப் படங்களை மட்டும் திரட்டிச் சங்கம் ஒரு பெரிய புத்தகம் போடுவதாக முடிவானது. அட்டைக்கு நூற்றி நாலு. முன்னுரையில் அது வந்து சேர்ந்த காட்சியை அவரே மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார். அன்றைக்கு டெப்போவில் இருந்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தாயிற்று, டெப்போவின் பழைய பதிவேடுகளைக் கரையான் படித்து முடித்தாயிற்று. உயிரோடு இருக்கும் ஒரே சாட்சி அவர்தான் என்று சங்கம் பின்னட்டையில் போட்டிருந்தது.

அச்சுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் சரிபார்க்கும் வேலை பெயின்டருடையது. அவர் அதே டெப்போவில் முப்பத்தெட்டு வருஷம் இன்ஜின்களுக்கு எண்ணும் பெயரும் எழுதி ஓய்வு பெற்றவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். இந்த விளக்கு ஆறு மாசம் கழித்துத்தான் மாட்டினது, இந்தக் கூரை அப்போது கிடையாது என்று சங்கத்தில் எத்தனையோ பேரின் மானத்தைச் சிரித்த முகத்தோடு வாங்கியிருக்கிறார். டீசல் சார் படங்களில் மட்டும் அவர் கை வைத்ததில்லை. டீசல் சார் எழுதினால் அது சாசனம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அட்டையின் மாதிரி அச்சைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேஜையின் மீது விரித்து நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தார். படம் மேஜையை முழுக்க அடைத்தது.

“அக்கா, இங்க வாங்க. உங்க வீட்டுப் படத்த இவ்வளவு பெருசா பாத்திருக்க மாட்டீங்க!”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். டீசல் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாராட்டு வாங்கத் தயாராக இருந்தார். பெயின்டர் தன் பூதக்கண்ணாடியை எடுத்து, சக்கரத்தில் ஆரம்பித்து, படியேறி, இன்ஜினின் பக்கவாட்டில் இருந்த எண்ணுக்கு வந்தார். நின்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

“அட, இது என் நாலு! அக்கா, இந்த நாலைப் பாருங்க. குறுக்குக் கோடு வலது பக்கம் ஒரு விரல் அளவு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குல்ல? நான் எழுதினது. வேலைக்குச் சேந்த மொத நாள், மொத இன்ஜின், மொத நம்பர். கை நடுங்கிடுச்சு. போர்மேன் எங்கப்பன் பாட்டன் எல்லாரையும் இழுத்துத் திட்டினார். அடுத்த பெயின்ட் வரைக்கும் எல்லாரும் பாக்கட்டும்னு அப்படியே விட்டுட்டார். சின்னப் படத்துல தெரியவே இல்ல பாருங்க!”

அந்த மனுஷருக்கு அப்படி ஒரு சந்தோஷம். எழுபது வயதில் தன் முதல் நாள் தன்னைத் தேடிவந்து மேஜையில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் இருக்காது? அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே புருஷனைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“அது... நிழலா இருக்கும்” என்றார்.

“நிழலா? என்ன சார், என் கைய எனக்குத் தெரியாதா? வர்றப்போ கம்பெனி போட்ட நம்பர்தான் இருந்துச்சு. எண்ணெயும் புகையும் பட்டுப் படிக்க முடியாமப் போச்சு, அதுக்காகத்தான் என்னையே வேலைக்கு எடுத்தாங்க. நூத்தி நாலு வந்து பதினோரு மாசம் கழிச்சுத்தானே நான்...”

அங்கே பெயின்டரின் வாய் நின்றது. கணக்கு அவருக்கு அப்போதுதான் புரிந்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, முகத்தில் அசடு வழிந்தது. டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார்.

“தேதி எங்கயோ மாறிப்போயிருக்கும் சார். நோட்டுப் புத்தகத்தப் பாருங்க. வியாழக்கிழமை காலைல வர்றேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்” என்றார். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டீசல் சார் கூடத்திலிருந்து எழுந்து பின்னறைக்குப் போகப் பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்து அந்த வாசலில் போட்டு உட்கார்ந்தாள்.

“என்னங்க இது?”

“ஏதோ தேதி...”

“கல்யாணத் தேதிய மறந்திருக்கீங்க. பையன் பொறந்த தேதிய மறந்திருக்கீங்க. இன்ஜின் தேதிய என்னிக்காவது மாத்தி எழுதியிருக்கீங்களா?”

அவள் வாசலை விட்டு எழுந்திருக்கவில்லை. அடுப்பில் பாதி வெந்தது அப்படியே ஆறிப்போனது. கால் மணி நேரம் இருக்கும். கடைசியில் அவர் எதிரே உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

இன்ஜின் லேட்டே கிடையாது. பத்து மணிக்கு வர வேண்டியது, பத்து ஏழுக்கு வந்தது.

“அன்னிக்குக் காலைல படியில நின்னு கேமராவுக்கு பிலிம் ரோல் மாட்டினேன். ஞாபகம் இருக்கா?”

இல்லாமல் போகுமா? குழந்தைக்கு விடியற்காலையிலிருந்து வயிற்றுப்போக்கு, கண் உள்ளே போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “பல்லு முளைக்குது, அதான். பதினோரு மணிக்குள்ள வந்துடுவேன், வந்து கூட்டிட்டுப் போறேன். நீ தனியாக் கிளம்பிடாத” என்று அவர் ஒரு கையால் அவளை விலக்கிக்கொண்டே இன்னொரு கையால் ரோலைச் சொருகினார்.

“சரியா மாட்டல. பல்சக்கரத்துல பிலிம் கடிக்கவே இல்ல. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்துக் குமிழ் சுத்துதான்னு பாக்கணும், பிலிம் நகந்தா அது சுத்தும். எப்பவும் பாப்பேன். அன்னிக்குப் பாக்கல. எப்படிப் பாக்கறது? அது வளைவுல திரும்பி வந்துச்சு பாரு...” அவர் தலையைத் தூக்கினார். “அந்தச் சத்தத்த அதுவரைக்கும் நான் கேட்டதே இல்ல. மொதல்ல காலுக்குக் கீழ தரை அதிருது. அப்புறம் சத்தம். கறுப்புப் புகை இல்ல, ஆவி இல்ல, மேல காத்து மட்டும் நடுங்குது. பெயின்ட்ல வெயில் பட்டு, பச்சை அப்படியே ஈரமா இருந்துச்சு. டிரைவர் தொப்பியக் கழட்டி ஆட்டினார். எங்க எல்லாருக்கும் இல்ல, எனக்கு! கேமரா வெச்சிருந்தது நான் ஒருத்தன்தானே? நான் தலைகால் புரியாம எடுத்துத் தள்றேன். ரோலுக்கு முப்பத்தாறு படம்தான். முப்பத்தாறு ஆச்சு, முப்பத்தேழு ஆச்சு. சில ரோல்ல ஒண்ணு ரெண்டு கூட வரும், அதிர்ஷ்டம்னு நெனச்சேன். முப்பத்தெட்டு. நாப்பது. நாப்பத்தொண்ணுலதான் சந்தேகம் வந்துச்சு. திறந்து பாத்தேன். ரோல் மாட்டின இடத்துலயே உக்காந்திருக்கு. ஒண்ணு கூட விழல.”

அவர் கண் பளபளத்தது. எதை ஒப்புக்கொள்ள உட்கார்ந்தாரோ அதையே மறந்துவிட்டு வளைவில் திரும்பும் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் அவரை அறைந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அறையவில்லை. மணி கேட்டாள்.

“எத்தனை மணிக்குத் திறந்து பாத்தீங்க?”

“பத்து அம்பது.”

“டெப்போவுலேருந்து வீட்டுக்கு எவ்வளவு நேரம்?”

“சைக்கிள்ல பன்னெண்டு நிமிஷம்.” சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அப்போ பதினொண்ணே காலுக்கெல்லாம் வந்திருக்கலாம்.”

“இன்னொரு ரோல் வாங்கிட்டு வந்துடலாம்னு போனேன். அந்தக் கடை ஊரோட அந்தக் கோடி. போனா கடைக்காரர் வெளிய போயிருந்தார். பன்னெண்டு மணி வரைக்கும் நின்னேன். வாங்கிட்டுத் திரும்பி...”

“எந்த வழியா?”

“நம்ம தெரு முனையத் தாண்டித்தான்.”

“எத்தனை மணிக்கு?”

“பன்னெண்டு அம்பது.”

அவள் அன்றைக்குப் பதினோரு மணியிலிருந்து ஜன்னலில் நின்றாள். பன்னிரண்டுக்கும் நின்றாள். தனியாகக் கிளம்பாதே என்று சொன்னாரே என்று நின்றாள். ஒரு மணிக்குத்தான் குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தெரு முனையில் இறங்கினாள். பத்து நிமிஷ வித்தியாசம். ஆஸ்பத்திரியில் டாக்டர், இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கும் என்றார். அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் அவள் இன்ஜின் மேல் போட்டிருந்தாள்.

“டெப்போ கேட்டச் சாத்திட்டாங்க. வாட்ச்மேன்கிட்டக் கெஞ்சினேன், அஞ்சு மணி வரைக்கும். விடல. வீட்டுக்கு வந்தா...” அவர் கையை விரித்தார். “உங்கிட்ட என்னத்தச் சொல்றது? சும்மா போயிட்டு வந்தேன்னா? ரெண்டு மணிக்கு வந்துச்சு, படம் கிடைச்சுதுன்னு சொன்னேன். ஏதோ ஒண்ணுக்காவது ஆச்சேன்னு உனக்கு இருக்கும்னு நெனச்சேன்.”

“அப்புறம் இந்தப் படம்?”

“அடுத்த வருஷம். அதே தேதி. அப்பத்தான் நிழல் அதே மாதிரி விழும். புதுசா தண்ணித் தொட்டி கட்டியிருந்தாங்க, அது தெரியாம ஓரமா நின்னு எடுத்தேன். விளக்கு, கூரை, ஆட்கள் சட்டை எல்லாத்தையும் பாத்தேன். நம்பர மட்டும்...” தலையை ஆட்டிக்கொண்டார். “நம்பர யாரும் பாக்க மாட்டோம். படிப்போம், அவ்வளவுதான்.”

தன் தொழில் சுத்தத்தில் ஒரு சின்ன ஓட்டை விழுந்துவிட்டதே என்ற வருத்தம் அந்தக் குரலில் அப்பட்டமாக இருந்தது.

அந்தத் தேதி, குழந்தை போய் முதல் வருஷம் நிறைந்த நாள். ஆபீஸில் விடுப்புக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று அவர் காலையிலேயே போய்விட்டதும், அவள் அன்று முழுக்கக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது. இதைவிட மோசமானது ஒன்றும் ஞாபகம் வந்தது. ஒரு வருஷம் வரை படத்தைக் காட்டாமல் இருந்ததற்கு அவர் சொன்ன காரணம்: “அந்த ரோலக் கழுவ எனக்கு மனசே வரல.” அதைத்தான் அவருடைய துக்கம் என்று அவள் நம்பினாள். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான், இவருக்கும் வலித்திருக்கிறது என்று சமாதானமாகி, இன்னொரு பிள்ளை பெற்று, இத்தனை காலம் ஓட்டினாள்.

“தேதி போனாப் போகட்டும்” என்றார் அவர். குரல் கெஞ்சியது. “அட்டையில வேற படம் போட்டாலும் சரி. ஆனா அது வந்தத நான் பாத்தேன். அது பொய் இல்ல. இப்ப உலகத்துல பாத்தவன் நான் ஒருத்தன்தான். முன்னுரைல அந்த மூணு பக்கத்த மட்டும் எடுக்க விட்டுடாத. நீ எடுத்துச் சொன்னா பெயின்டர் கேப்பார். எங்கிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்.”

அவள் அவரைப் பார்த்தாள். எங்கே அழுத்தினால் வலிக்கும் என்று ஐம்பது வருஷமாக அவளுக்குத் தெரியாமல் இருந்த ஆள், தானே சட்டையைத் தூக்கி இடத்தைக் காட்டிவிட்டார்.

“பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

புதன்கிழமை அவள் எப்போதும்போல இருந்தாள். வேளைக்குச் சமைத்தாள், துணி மடித்தாள். கூடத்துப் படத்தைத் துடைக்கும் நாள் அது, துடைக்கவில்லை. அவர் பூனை மாதிரி அறைக்கு அறை நடந்தார். இவள் அழவில்லையே, கத்தவில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டில் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை பெயின்டர் வந்தார். செருப்பை வாசலில் கழற்றும்போதே அவர் முகத்தில் சங்கடம். டீசல் சார் தயாராக வைத்திருந்ததை ஒப்பித்தார்.

“தேதி தப்புதான். ரெண்டு ரோல் கலந்துபோச்சு. நான் ஒத்துக்கறேன். ஆனா மொத நாள் நான் அங்க இருந்தேன். அது வந்தத...”

“இருந்தார்னு யார் சொன்னது?” என்றாள் அவள்.

இருவரும் திரும்பினார்கள். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, பெயின்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இவர் அன்னிக்கு டெப்போவுக்கே போகல தம்பி.”

“என்னக்கா சொல்றீங்க?”

“எங்களுக்கு மொதல்ல ஒரு பொண்ணு இருந்தா. ஒன்பது மாசம். அன்னிக்குக் காலைல அவளுக்கு உடம்பு முடியல. இவர் கேமராவ மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார், பாதிப் படி இறங்கிட்டார். நான் ஒண்ணுமே சொல்லல. திரும்பிப் பாத்தார். கேமராவக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, குழந்தைய எங்கிட்டேருந்து வாங்கிக்கிட்டார். ஓட்டமா ஓடினார் ஆஸ்பத்திரிக்கு. என்னால கூட ஓட முடியல. பின்னாலேயே போறேன், இவர் தோள்மேல அவ தலை மட்டும் தெரியுது...”

திட்டம் போட்டுத்தான் ஆரம்பித்தாள். ஆனால் சொல்லச் சொல்ல அது அவள் கண்முன் நடந்தது. ஜன்னலில் நின்றபோது அவள் எதிர்பார்த்தது இதைத்தான். எத்தனையோ நாள் படுத்துக்கொண்டு இதைத்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். குரல் உடைந்தது நடிப்பில்லை.

“எல்லாம் பண்ணிப் பாத்தாங்க. மூணு மணிக்கு இவர் மடியிலதான் போனா. சாயங்காலம் வரைக்கும் கீழ விடவே மாட்டேன்னுட்டார்.”

டீசல் சாரின் வாய் திறந்திருந்தது.

“சொல்லுங்க” என்றாள் அவள், ரொம்ப மரியாதையாக. “நான் சொன்னதுல எதாவது தப்பு இருந்தா தம்பிகிட்ட நீங்களே சொல்லுங்க. எங்க இருந்தீங்க, எத்தனை மணிக்கு இருந்தீங்க. உங்களுக்குத்தான் நிமிஷக் கணக்கா ஞாபகம் இருக்குமே.”

அவர் அவளைப் பார்த்தார், பெயின்டரைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பத்து ஏழைச் சொன்னால் பத்து அம்பதைச் சொல்ல வேண்டும், தெரு முனையைச் சொல்ல வேண்டும்.

“இல்ல” என்றார். “அவ சொல்றது சரிதான்.”

பெயின்டர் எழுந்து போய் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த நல்ல மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதுக்காகவா சார் அந்தத் தேதியப் போட்டீங்க? அந்த நாள்ல வேற ஏதாவது நடந்ததா இருக்கட்டும்னு? அட கடவுளே. நான் ஒரு மடையன், நாலு கோணல்னு சிரிச்சுக்கிட்டு நின்னேனே!”

மிச்சக் கதையை அவரே கட்டிக்கொண்டார். அவள் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

முன்னுரையின் மூன்று பக்கம் போனது. பின்னட்டையிலிருந்து ஒரே சாட்சி போனார். படத்தின் அடியில் சரியான வருஷம் ஏறியது. புத்தகத்தின் முதல் பக்கத்தில், ‘ஓர் இன்ஜினை விட்டுக்கொடுத்த தகப்பனுக்கு’ என்று பெயின்டர் ஒரு வரி போடவைத்தார். அச்சான முதல் பிரதி வீட்டுக்கு வந்தபோது டீசல் சார் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தார். அன்றிலிருந்து பின்னறைப் பீரோக்களை அவர் திறக்கவில்லை. இரண்டொரு முறை அவள் சமையலறையில் இருக்கும்போது வந்து நின்று, “நான் பாத்தேன்ல?” என்று கேட்டார். “எத?” என்றாள்.

வெளியீட்டு விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. இருநூறு பேருக்குக் குறையாது. ரயில் ரசிகர்கள், ஓய்வு பெற்ற டிரைவர்கள், பிட்டர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். பெயின்டர் மேடையேறி, தன் கோணல் நாலில் ஆரம்பித்து எல்லோரையும் சிரிக்கவைத்து, படியில் திரும்பிப் பார்த்த தகப்பனில் கொண்டுவந்து முடித்தார். நம்மில் எத்தனை பேர் அன்றைக்குத் திரும்பியிருப்போம் என்று கேட்டார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் அவள் பக்கத்தில் இருந்த டிரைவர் மனைவி அவள் தோளைப் பிடித்து, “இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்துவெச்சிருக்கணும்” என்றாள். அவள் தலையாட்டினாள்.

மேடையில் டீசல் சார் அழுதுகொண்டிருந்தார். தோள் குலுங்க, மூக்கு ஒழுக, இருநூறு பேர் முன்னால். ஐம்பது வருஷத்தில் அவள் பார்த்த முதல் அழுகை. குழந்தைக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். எதற்காக என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் அவளுக்கு இரக்கம் வரவில்லை, கொஞ்சம் பசி எடுத்தது.

நடுவரிசையிலிருந்து ஒரு பழைய டிரைவர் எழுந்தார். மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு படம் எடுத்திருக்கீங்க. நூத்தி நாலு வந்தப்போ பாக்கவே இல்லையேன்னு ஒரு நாளாவது மனசுல இருந்திருக்காதா?”

பெயின்டர் மேடை மைக்கை டீசல் சார் வாய்க்கு நேராக வளைத்து வைத்தார். அவர் கண்ணைத் துடைத்துவிட்டு முன்வரிசையைப் பார்த்தார். ஒரு தலையசைப்புக்காகக் காத்திருப்பது மாதிரி வெகு நேரம் பார்த்தார். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்ற எல்லோரையும் போல அவர் பதிலுக்குக் காத்திருந்தாள்.

“இல்ல” என்றார். “நான் பாக்கல.”

எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.